ஒரு மாணவர், பல மொழிகள்: ஒரே கட்டத்தில் அடங்காத தரவு

மேட்டுப்பாளையத்தில் எந்த வகுப்பறைக்குள் நுழைந்து, "வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?" என்று கேட்டாலும் ஒற்றைச் சொல்லில் விடை வராது. சிறுமுகைப் பக்கத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை வீட்டுக்குள் கன்னடமும் தெருவில் தமிழும் பேசும். உருளைக்கிழங்கு மண்டி வேலைக்காக நீலகிரியிலிருந்து இறங்கி வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பத்துப் பிள்ளைக்குப் படுக மொழி. பில்லூர்ப் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து வந்து படிக்கும் பிள்ளைக்கு இருளா. தெலுங்கு, மலையாளம், உருது பேசும் வீடுகள் நெடுங்காலமாகவே உண்டு. இப்போது இந்தி, ஒடியா, வங்காளம் பேசும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் நம் வருகைப் பதிவேட்டில் இருக்கிறார்கள்.

இந்த விவரத்தைக் கணினியில் எப்படிப் பதிவது என்பதுதான் இக்கட்டுரையின் பொருள். மேல்நிலை இரண்டாம் ஆண்டில் தரவுத்தளப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு இது 'இயல்பாக்கம்' என்ற தலைப்பில் வரும். ஆனால் எக்செல் தாளில் வகுப்புப் பட்டியல் வைத்திருக்கும் எல்லா ஆசிரியருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ஒரு மாணவருக்கு ஒரு பெயர், ஒரு பிறந்த தேதி, ஒரு எமிஸ் எண். அவை ஒரு கட்டத்துக்குள் அமைதியாக உட்கார்ந்துகொள்ளும். மொழிகள், அலைபேசி எண்கள், பெற்ற விலையில்லாப் பொருள்கள், கலந்துகொண்ட போட்டிகள் போன்றவை ஒன்றுக்கு மேல் இருக்கும். இவற்றை எங்கே வைப்பது?

வழக்கமாக நாம் செய்வது, 'தெரிந்த மொழிகள்' என்று ஒரு நெடுவரிசை போட்டு, அதற்குள் 'தமிழ், கன்னடம், தெலுங்கு' என்று காற்புள்ளி இட்டு எழுதுவது. கண்ணால் படிப்பதற்கு இதைவிட வசதியானது இல்லை. நாற்பது பேர் கொண்ட ஒரு வகுப்புக்கு இது போதும் என்றுகூடச் சொல்லலாம். தாளைப் பார்த்து நாம் படிப்பதை விட்டு, தாளிடம் கேள்வி கேட்கத் தொடங்கும்போதுதான் தொல்லை.

எங்கள் பள்ளியில் அப்படி ஒரு கேள்வி வந்தது. மலைக் கிராமத்திலிருந்து ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஒரு சிறுமி முதல் சில வாரங்கள் வகுப்பில் வாயே திறக்கவில்லை. தமிழ் புரிகிறது, ஆனால் பேச வரவில்லை. மேல் வகுப்பில் இருளா பேசும் மாணவி யாராவது இருந்தால், மதிய உணவு நேரத்திலாவது அவளோடு உட்காரச் சொல்லலாம் என்றார் வகுப்பாசிரியை. "இந்தப் பள்ளியில் இருளா தெரிந்தவர்கள் யார் யார்?" கேள்வி இவ்வளவுதான். பள்ளியின் எல்லா வகுப்புப் பட்டியல்களும் கணினியில் இருந்தன. விடை மட்டும் வரவில்லை.

காரணத்தைப் பார்ப்போம். எக்செல்லில் அந்த நெடுவரிசைக்கு ஃபில்டர் போட்டால் 'தமிழ், இருளா' என்பது ஒரு மதிப்பு. 'இருளா, தமிழ்' என்பது வேறொரு மதிப்பு. 'தமிழ், மலையாளம், இருளா' மூன்றாவது மதிப்பு. கணினிக்கு இவை மூன்றும் தொடர்பே இல்லாத மூன்று சொற்றொடர்கள். சரி, 'இந்தச் சொல்லைக் கொண்டவை' என்று தேடலாமே என்றால், ஒவ்வொரு வகுப்பாசிரியரும் எழுதிய விதம் வேறு. படுக மொழியைப் 'படுகா' என்றும் 'படகா' என்றும் 'படகர் மொழி' என்றும் எழுதியிருப்பார்கள். உருது ஓரிடத்தில் 'உர்து' ஆகியிருக்கும். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. 'குரும்பா' என்று தேடினால் 'ஆலு குரும்பா'வும் வரும், 'முள்ளு குரும்பா'வும் வரும். அவற்றைப் பேசுவோர் தங்கள் மொழிகளை ஒன்றாகக் கருதுவதில்லை. எழுத்துக்குப் பதிலாக எண்களைக் குறியீடாக வைத்தாலும் தப்ப முடியாது. 1 என்பது தமிழ் என்று வைத்துக்கொண்டு 1-ஐத் தேடினால் 11-ம் 12-ம் 21-ம் சேர்ந்து வரும்.

மை எஸ்.க்யூ.எல். மென்பொருளில் காற்புள்ளிப் பட்டியலுக்குள் ஒரு மதிப்பைத் தேட 'ஃபைண்ட் இன் செட்' என்றொரு செயற்கூறு இருக்கிறது. மாணவர் ஒருவர் அதைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து காட்டினார். வேலை செய்கிறது, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அது ஒவ்வொரு பதிவையும் எடுத்து, கட்டத்தைப் பிரித்து, உள்ளே பார்த்துவிட்டு மூடுகிறது. அட்டவணைக்கு வைத்திருக்கும் இண்டெக்ஸ் அங்கே உதவாது. நாற்பது பேருக்கு வேறுபாடு தெரியாது. மாவட்டம் முழுவதற்கும் தெரியும். எழுத்துப் பிழையையும் அது சரிசெய்யாது. காற்புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி விட்டிருந்தால்கூட அதற்கு அது வேறு சொல்தான்.

இரண்டாவது வழக்கம், 'மொழி 1', 'மொழி 2', 'மொழி 3' என்று நெடுவரிசைகளைப் பெருக்குவது. விண்ணப்பப் படிவங்களில் 'அலைபேசி எண் 1, 2' என்று பார்க்கிறோமே, அதே முறை. இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு நமக்கு நன்றாகத் தெரிந்ததே. நம்மில் பலர் கணக்கெடுப்பாளராக வீடு வீடாகப் போய் நிரப்பிய மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவம். 2011-இல் ஒவ்வொருவரிடமும் தாய்மொழி ஒன்றும், அதைத் தவிரத் தெரிந்த மொழிகள் அதிகபட்சம் இரண்டும் கேட்டு எழுதினோம். ஆக மொத்தம் மூன்று இடங்கள். கையால் நிரப்பும் தாளில், கோடிக்கணக்கான மக்களுக்கு, அது நடைமுறைக்கு ஏற்ற முடிவுதான். அதனால்தான் இந்தியர்களில் சுமார் 26 விழுக்காட்டினர் குறைந்தது இரண்டு மொழி அறிந்தவர்கள், சுமார் 7 விழுக்காட்டினர் மூன்று மொழி அறிந்தவர்கள் என்று நம்மால் சொல்ல முடிகிறது.

நான்கு மொழி அறிந்தவர்கள் எத்தனை பேர்? அந்தத் தரவிலிருந்து சொல்ல முடியாது. நாட்டில் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்பதாலா? எங்கள் ஊர் மண்டியில் அரை மணி நேரம் நின்றால் ஐந்து மொழியில் பேரம் பேசுகிறவரைப் பார்த்துவிடலாம். நான்காவது மொழிக்கு இடம் ஒதுக்கப்படவில்லை, அவ்வளவுதான். மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது நான் சற்று நிறுத்தி அழுத்திச் சொல்வதுண்டு. அட்டவணையின் வடிவத்தை முடிவு செய்யும் அந்த நேரத்திலேயே, பின்னால் எந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்பதும் முடிவாகிவிடுகிறது.

மூன்று நெடுவரிசை முறையில் இன்னொரு தொல்லையும் உண்டு. இருளா தெரிந்தவரைத் தேட மூன்று இடங்களிலும் தேட வேண்டும். நான்காவது நெடுவரிசை சேர்த்தால் எழுதி வைத்த எல்லா வினவல்களையும் திருத்த வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளைக்கோ இரண்டு கட்டங்கள் எப்போதும் வெறுமையாகக் கிடக்கும்.

இனி, சரியான முறைக்கு வருவோம். 1970 ஜூன் மாதம் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கர் காட், உறவுநிலைத் தரவுத்தளம் என்ற கருத்தை ஒரு கட்டுரையில் முன்வைத்தார். பின்னர் 1981-இல் டூரிங் விருது பெற்றவர். அந்தக் கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு நம் ஆசிரியர்களுக்கு உடனே புரியும். ஒரு பணியாளர். அவருக்குப் பெயர், பிறந்த தேதி. அவர் வகித்த பதவிகள் பல. ஒவ்வொரு பதவியிலும் அவர் பெற்ற ஊதிய மாற்றங்கள் பல. அவருடைய பிள்ளைகள் பலர். நம் பணிப்பதிவேடேதான்! பணியாளரின் பதிவுக்குள் பதவிப் பட்டியல், அதற்குள் ஊதியப் பட்டியல் என்று ஒன்றுக்குள் ஒன்றாக அடைபட்டிருந்ததை அவர் நான்கு தனித்தனி அட்டவணைகளாகப் பிரித்தார். பதவிகள் ஓர் அட்டவணை, ஊதியம் ஓர் அட்டவணை, பிள்ளைகள் ஓர் அட்டவணை. ஒவ்வொன்றிலும் பணியாளர் எண்ணைத் திரும்ப எழுதினார். எந்தக் கட்டத்திலும் பட்டியல் இருக்காது. ஒரே ஒரு மதிப்புதான் இருக்கும். இதுதான் பின்னாளில் முதல் இயல்பு வடிவம் என்று பாடநூல்களில் இடம் பிடித்தது.

மொழிகளுக்கு இதைப் பொருத்தினால் மூன்று அட்டவணைகள் வரும். 'மாணவர்' அட்டவணையில் மாணவர் எண், பெயர், வகுப்பு. 'மொழி' அட்டவணையில் மொழி எண், மொழியின் பெயர். மூன்றாவதாக, இரண்டையும் இணைக்கும் 'மாணவர்–மொழி' அட்டவணை. அதில் ஒரு நிரைக்கு ஒரு மாணவர், ஒரு மொழி மட்டுமே. மூன்று மொழி தெரிந்த பிள்ளைக்கு மூன்று நிரைகள். ஐந்து தெரிந்தால் ஐந்து. அட்டவணையின் அகலம் மாறுவதில்லை, நீளம்தான் கூடும். மாணவர் எண்ணும் மொழி எண்ணும் சேர்ந்து முதன்மைத் திறவுகோல் ஆகும். எனவே ஒரே மொழியை ஒரே பிள்ளைக்கு இருமுறை பதிய முடியாது. 'இருளா தெரிந்தவர் யார்?' என்ற கேள்விக்கு இப்போது ஒரே நெடுவரிசையில் ஒரே எண்ணைத் தேடினால் போதும்.

மூன்றாவது அட்டவணை வெறும் பாலம் என்றுதான் நாம் பெரும்பாலும் நடத்துகிறோம். என் கருத்தில் பாடத்தின் சாரமே அங்குதான் இருக்கிறது. ஒரு மொழி ஒருவருக்குத் 'தெரியும்' என்றால் என்ன பொருள்? வீட்டில் இருளா பேசும் பிள்ளைக்கு அதில் எழுதும் பழக்கம் இல்லை. மதரசாவுக்குப் போகும் பிள்ளை அரபு எழுத்துகளைத் தடையின்றி வாசிப்பார், அரபு பேசத் தெரியாது. ஒடியா வீட்டுப் பிள்ளை இரண்டே ஆண்டில் தமிழில் கதை எழுதுகிறார், வீட்டு மொழியில் பெயர்கூட எழுத வராது. இந்த விவரம் மாணவரைப் பற்றியதும் அல்ல, மொழியைப் பற்றியதும் அல்ல. இந்த மாணவருக்கும் இந்த மொழிக்கும் உள்ள உறவைப் பற்றியது. ஆகவே அதற்கு இடம் இணைப்பு அட்டவணையில்தான்:

மாணவர் 27 – இருளா – பேசுவார்: ஆம், படிப்பார்: இல்லை, எழுதுவார்: இல்லை
மாணவர் 27 – தமிழ் – பேசுவார்: ஆம், படிப்பார்: ஆம், எழுதுவார்: ஆம்
மாணவர் 31 – அரபு – பேசுவார்: இல்லை, படிப்பார்: ஆம், எழுதுவார்: இல்லை
மாணவர் 31 – உருது – பேசுவார்: ஆம், படிப்பார்: ஆம், எழுதுவார்: இல்லை

காற்புள்ளிப் பட்டியலில் 'அரபு' என்ற சொல்லுக்கு அருகே இதை எங்கே எழுதுவது? அடைப்புக்குறி போட்டு எழுதலாம். பிறகு அடைப்புக்குறிக்குள்ளும் தேட வேண்டியிருக்கும்.

'மொழி' அட்டவணையைத் தனியே வைப்பதன் பயனுக்கும் கணக்கெடுப்பே சான்று. 2011-இல் மக்கள் தங்கள் தாய்மொழி என்று சொன்ன பெயர்களை அப்படியே எண்ணியபோது 19,569 பெயர்கள் வந்தன. ஒரே மொழிக்குப் பல எழுத்துக்கூட்டல்கள், ஊர்ப் பெயர்கள், இனப் பெயர்கள் எல்லாம் அதில் அடக்கம். அவற்றை ஒழுங்கு செய்தபின் 1,369 தாய்மொழிகள் கிடைத்தன. மேலும் 1,474 பெயர்கள் வகைப்படுத்த முடியாதவை என்று ஒதுக்கப்பட்டன. மொழிப் பட்டியல் ஒன்றை முன்கூட்டியே வைத்துக்கொண்டு அதிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்தால் நம் அளவில் இந்த வேலை மிச்சம். பட்டியலில் இல்லாத மொழியைச் சொல்லும் பிள்ளை வந்தால் 'மற்றவை' என்று தள்ளாமல் மொழி அட்டவணையில் ஒரு புதிய நிரை சேருங்கள். அதற்கு ஒரு நிமிடம் ஆகும்.

கணினிப் பாடம் எடுக்காத ஆசிரியர்கள் இதற்காக மென்பொருள் கற்க வேண்டியதில்லை. எக்செல்லில் இரண்டாவது தாள் ஒன்றைத் திறந்து, முதல் நெடுவரிசையில் மாணவரின் எமிஸ் எண், இரண்டாவதில் மொழி. ஒரு மொழிக்கு ஒரு நிரை. மொழியைத் தட்டச்சு செய்யாமல், டேட்டா வேலிடேஷன் மூலம் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள். பிவட் டேபிள் போட்டால் எந்த மொழிக்கு எத்தனை பேர் என்பது நொடியில் வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் இரண்டாவது தாளில் தொண்ணூறு நிரைகள் இருக்கலாம். பிவட் டேபிளின் அடியில் வரும் மொத்தமும் தொண்ணூறு என்றே இருக்கும். அது மாணவர் எண்ணிக்கை அல்ல. மொழி அறிதல்களின் எண்ணிக்கை. அதை அப்படியே அறிக்கையில் எழுதினால் வகுப்பு இரண்டு மடங்குக்கு மேல் வீங்கிவிடும். மாணவர்களை எண்ண வேண்டுமானால் வேறுபட்ட எமிஸ் எண்களைத்தான் எண்ண வேண்டும். வினவல் மொழியில் 'கவுன்ட்' என்பதற்கும் 'கவுன்ட் டிஸ்டிங்ட்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நடத்த இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

வெற்றுக் கட்டத்தின் பொருளும் இந்த முறையில் தெளிவாகிறது. பழைய தாளில் வெற்றுக் கட்டம் இருந்தால் 'தமிழ் மட்டும்தான், எழுத வேண்டாம் என்று விட்டார்கள்' என்றும் எடுக்கலாம். 'கேட்கவே இல்லை' என்றும் எடுக்கலாம். இப்போது தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு ஒரு நிரை உண்டு. கேட்கப்படாதவருக்கு ஒரு நிரையும் இல்லை. 'லெஃப்ட் ஜாயின்' கொண்டு மாணவர் அட்டவணையையும் இணைப்பு அட்டவணையையும் சேர்த்துப் பார்த்தால் நிரையே இல்லாத பிள்ளைகள் தனியே தெரிவார்கள். எங்கள் பட்டியலில் அப்படித் தெரிந்தவர்களில் பலர் ஆண்டின் இடையில் வந்து சேர்ந்தவர்கள். அவர்களிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. மீண்டும் ஒருமுறை போய்க் கேட்டபோது இருளா பேசும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் அந்தப் பட்டியலிலிருந்துதான் கிடைத்தார். மொழியைக் கேளுங்கள், இனத்தைக் கேட்காதீர்கள் என்று கேட்கப் போனவர்களிடம் சொல்லியிருந்தோம். இந்தத் தாளை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிடுவதும் கூடாது.

வகுப்பில் இரண்டாவது பயிற்சியாக நான் நீலகிரி மலை ரயிலை எடுத்துக்கொள்வேன். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகமண்டலம் வரையும் ஓடத் தொடங்கியது. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. மேட்டுப்பாளையம், கல்லாறு, ஹில்குரோவ், ரன்னிமேடு, குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், உதகமண்டலம் என்று நிலையங்களைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஒரு ரயிலுக்குப் பல நிலையங்கள். ஒரு நிலையத்துக்குப் பல ரயில்கள். எனவே இதற்கும் இணைப்பு அட்டவணை தேவை. ஆனால் மொழியில் இல்லாத ஒன்று இங்கே சேர்கிறது: வரிசை. தரவுத்தள அட்டவணையில் நிரைகளுக்கு முன்பின் கிடையாது. நாம் பதிந்த வரிசையிலேயே அது திரும்பத் தரும் என்று நம்பினால், ஒருநாள் கேத்திக்குப் பின் கல்லாறு வந்து நிற்கும். ஆகவே 'நிறுத்த எண்' என்று ஒரு புலம் சேர்க்க வேண்டும். ரயில் சக்கரம் பல்தண்டவாளத்தைப் பிடிப்பது கல்லாற்றில், விடுவது குன்னூரில். எந்தெந்த நிலையங்கள் அதற்கு இடையில் வருகின்றன என்ற கேள்விக்கு நிறுத்த எண் இருந்தால்தான் விடை. காற்புள்ளிப் பட்டியலில் வரிசை தானாகவே இருந்ததே என்று ஒரு மாணவி கேட்டார். நியாயமான கேள்வி. அங்கே வரிசை கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அதைக் கொண்டு வடிகட்ட முடியாது.

ஒரு பதிவுக்குள் பல மதிப்புகளை வைப்பது தவறு என்று ஒரேயடியாகச் சொல்லிவிட வேண்டாம். போஸ்ட்கிரெஸ் மென்பொருளில் பட்டியலையே ஒரு மதிப்பாக வைக்கும் வசதி இருக்கிறது. மை எஸ்.க்யூ.எல்.லில் ஜேசான் வகையும், 64 உறுப்புகள் வரை கொள்ளும் 'செட்' வகையும் இருக்கின்றன. வகுப்பாசிரியரின் குறிப்புரை, முகவரி போன்றவற்றைத் துண்டு துண்டாக்கி யாருக்கும் பயனில்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு மதிப்பையும் தனித்தனியே தேடவோ எண்ணவோ வேண்டியிருக்குமா என்று பாருங்கள். வேண்டியிருந்தால் அதற்கு ஒரு நிரை கொடுங்கள். அச்சிட்ட பட்டியலில் காற்புள்ளி இட்டு ஒரே வரியில்தான் வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டால் அதுவும் முடியும். 'குரூப் கான்கேட்' என்ற செயற்கூறு நிரைகளைச் சேர்த்து 'தமிழ், இருளா, மலையாளம்' என்று எழுதித் தந்துவிடும். நிரைகளைச் சேர்ப்பது எளிது. சேர்ந்து கிடப்பதைப் பிரிப்பதுதான் கடினம்.

மொழி அட்டவணை தயாரானபின் மாணவர்கள் அதில் 'மொழிக் குழு' என்று இன்னொரு புலம் சேர்க்க விரும்பினார்கள். 2011 கணக்கெடுப்பில் படுக மொழி கன்னடத்தின் கீழ் வைக்கப்பட்டிருக்கிறது; 1.33 லட்சம் பேருக்கு மேல் அதைத் தாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். கணக்கெடுப்பில் இருப்பதுபோலவே 'கன்னடம்' என்று நிரப்பிவிடலாம் என்றார் ஒருவர். படுக மொழி பேசும் மாணவர் ஒப்பவில்லை. தன் பாட்டி கன்னடச் செய்தி கேட்டால் புரியவில்லை என்கிறார், அப்புறம் எப்படி அது கன்னடம் ஆகும் என்று கேட்டார். மொழியியல் அறிஞர்களிடையேயும் இதில் இரு கருத்து உண்டு என்று சொன்னேன். அந்த ஒரு கட்டத்தை மட்டும் இப்போதைக்கு நிரப்பாமல் வைத்திருக்கிறோம்.